கார்டைக் கழட்டின ஆறுச்சாமி

சரவணம்பட்டி ஆபீஸ் கேன்டீனில் ஆறுச்சாமி வாயைத் திறந்தால் கேட்கிறவர்கள் தட்டில் வடை ஆறிப்போகும். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கக் காரணமும் இருந்தது. அவர் எழுதிய 'டிரைவர்' என்கிற புரோகிராமை எதிரே உட்கார்ந்து பிலோமினா சோதித்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குள் அவள் 'பாஸ்' போட்டால் நாளைக்குப் பெங்களூரு மாநாட்டு மேடையில் ஆறுச்சாமி அதை ஓட்டிக் காட்டலாம். மாமனாரிடம் சொல்லியாயிற்று. மாமனாரும் ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. மனுசனுக்கு உள்ளே பயம், அதனால் வாய் இன்னும் வேகமெடுத்தது.

விஷயம் இதுதான். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ளே பத்து கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவனை. அதில் மாட்டியிருக்கிற நெட்வொர்க் கார்டும் பாவனைதான். ஓடும்போதே அதைப் பிடுங்குவார்கள். பிடுங்கினாலும் மெஷின் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது டிரைவரின் வேலை.

"போன மாசம் ஒரு மெஷினு. கார்டைப் புடிச்சுட்டு நாப்பதாயிரம் புரோகிராம் தொங்குது. ஒவ்வொண்ணையும் 'கையை விடுங்க சாமி'ன்னு கெஞ்சி, கடைசி ஆளும் விட்ட பொறவுதான் உருவினேன். ஒருத்தனுக்கும் சிராய்ப்பு இல்லீங்க."

"போன வாரம் நானூறுன்னீங்க" என்றான் பக்கத்து சீட்டு இர்ஃபான்.

"போன வாரம் நீங்க அவசரத்துல இருந்தீங்க, சுருக்கிச் சொன்னேன். அப்புறம் டிஸ்க்கையே உருவினேன். மெஷின் பாட்டுக்கு எழுதிட்டே இருக்குது. எங்கடா எழுதறேன்னு கேட்டா, மனசுல வெச்சிருக்கறேன், புது டிஸ்க்கு வந்ததும் ஒப்பிக்கறேங்குது."

"மெமரி?" பிலோமினா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதையும் உருவினேன் அம்மிணி. பக்கத்து மெஷின்கிட்டக் கைமாத்து வாங்கிட்டு ஓடுச்சு."

"பிராசஸரையும் எடுத்திருப்பீங்களே."

"எட்டு இருந்துச்சு. எட்டையும் எடுத்தேன். பழக்கதோஷத்துல இன்னும் ரெண்டு நாள் ஓடுச்சுங்க."

இர்ஃபானுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. ஆறுச்சாமிக்கு அது போதாதா? படம் போட்டு விளக்குகிறேன் என்று எழுந்து, மத்தியான மெனு எழுதிய பலகையில் தயிர்சாதத்தை அழித்துவிட்டு வரையத் தொடங்கினார்.

"அப்புறம் மொத்த மெஷினையும் கழட்டி லாரியில ஏத்தி அனுப்பிட்டேன். இருந்த எடத்துல மாவு மில்லு வந்துருச்சு. இன்னைக்கும் லாகின் பண்ணினா மில்லு பதில் சொல்லுது. செரிங்களா?"

பின்னால் யாரும் மறுக்கவில்லை. சபை அசந்துவிட்டது என்று ஆறுச்சாமிக்குக் குஷி தலைக்கேறியது.

"மில்லையும் எடுத்தேன். அந்தத் தெருவை எடுத்தேன். செரிங்களா? கோயமுத்தூரையே சித்த அக்கட்டால நகர்த்தி வெச்சுட்டு, பாலக்காட்டுக் காத்துல ஒயரை ஒணத்தி, திரும்ப மாட்டினேன். ஊர்ல ஒருத்தரு டீ சிந்தலை. செரிங்களா?"

பெருமையாகத் திரும்பினார். நாற்காலிகள் காலியாக இருந்தன. வடைத் தட்டைக்கூடக் காணோம். வாசலில் பிலோமினா மட்டும் சார்ஜரைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் எப்பப் போனாங்க?"

"நீங்க தயிர்சாதத்தை அழிக்கறப்பவே போயிட்டோம்ண்ணா. சார்ஜரை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன்."

ஆறுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாஸ் போட்டாச்சுங்களா?"

"இல்லீங்க. கார்டைப் புடுங்கிப் பாத்தேன். மெஷின் அப்படியே நின்னுபோச்சு. பெங்களூரு இந்தத் தடவை இல்லை."

"ஏன், என்ற டிரைவர் என்ன பண்ணுச்சு?"

"கார்டு போனதே அதுக்குத் தெரியலை. இல்லாத கார்டுகிட்ட 'செரிங்களா, செரிங்களா'ன்னு கேட்டுட்டே நிக்குது. பதில் வராததையெல்லாம் செரின்னு எடுத்துக்குது." பிலோமினா சார்ஜரைப் பைக்குள் போட்டாள். "எழுதினது யாருன்னு பேரு பாக்க வேண்டியதே இல்லைண்ணா."