மணல்மானும் மூடிய கிணறுகளும்

பெரியவர்களே, பிள்ளைகளே, காதைக் கொடுங்கள். மழை பெய்வதைப் பாட்டில் மட்டுமே கேட்டிருந்த நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. மருதேசம் என்று பெயர். எங்கு பார்த்தாலும் மணல். அந்த மணலின் நிறத்திலேயே ஒரு மான் அங்கே வாழ்ந்தது.

ஒரு காலத்தில் மணல்மான்கள் மந்தை மந்தையாகத் திரிந்தனவாம். அரசனின் பாட்டன் வேட்டையாடினான், அப்பன் வேட்டையாடினான், கடைசியில் ஒரு சிறு கூட்டம்தான் மிஞ்சியது.

அரசன் உக்கிரவர்மனுக்குச் சாவென்றால் பயம். மணல்மான் தோலில் உட்கார்ந்திருப்பவனை எமன் நெருங்க மாட்டான் என்று ஒரு சோதிடன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அரசனுக்கு உறக்கமில்லை.

முதலில் நாய்களை ஏவினான். சுடுமணலில் அவற்றின் பாதம் வெந்துபோனது. அடுத்துக் குதிரைகளை விட்டான். மானின் அகன்ற குளம்பு மணல்மேல் மிதந்தது, குதிரையின் கால் முழங்கால்வரை புதைந்தது. மூன்றாவதாக வலைக்காரர்களை அனுப்பினான். வெறுங்கையோடு திரும்பிய அவர்களை வெயிலில் கழுத்தளவு புதைக்கச் சொன்னான். அவர்களுடைய அலறல் அடங்கும்வரை கோட்டையில் யாரும் வாய் திறக்கவில்லை.

வேட்டைத் தலைவன் சோமிலனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

பிறகு அரசன் தானே ஒரு வழி கண்டுபிடித்தான். பாலைவனப் பாதையில் இருப்பது மூன்றே கிணறு. இரண்டை மூடிவிட்டு மூன்றாவதில் காத்திருந்தால், தாகம் எடுத்த மான் அங்கே வந்துதானே ஆகவேண்டும்? சோமிலனைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"தண்ணீர் குடிக்காமல் வாழும் உயிர் உண்டா?"

உண்டு என்று சோமிலனுக்குத் தெரியும். அத்தனை வருடத்தில் எந்தக் கிணற்றடியிலும் அவன் மணல்மானின் குளம்படியைப் பார்த்ததில்லை. விடியலில் பனி ஈரம் பட்ட இலையைத் தின்னும், கிழங்கைத் தோண்டித் தின்னும், உச்சிவெயிலில் மூச்சைக்கூட அளந்து விட்டபடி நிழலில் படுத்துக்கொள்ளும். அதற்கு அது போதும். சொல்ல வாயெடுத்தான். வலைக்காரர்களின் அலறல் காதில் கேட்டது.

"இல்லை, அரசே" என்றான்.

அரசன் முன்செல்லப் பெரும் படை கிளம்பியது. முதல் கிணற்றின் சுற்றுக்கல்லை உடைத்துத் தள்ளி மணலால் மூடினார்கள். இரண்டாவதையும் அப்படியே மூடினார்கள். குதிரைக்காரன் ஆதிரன் மட்டும் சோமிலனின் அருகில் வந்து, திரும்பி வரும்போது நமக்குத் தண்ணீர் வேண்டாமா என்று மெல்லக் கேட்டான். அரசர் ஆணை என்று சொல்லிவிட்டுச் சோமிலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாவது கிணற்றருகே வில்லும் கையுமாகக் காத்திருந்தார்கள். மான் வரவில்லை. அத்தனை ஆளும் அத்தனை குதிரையும் குடிக்கக் குடிக்கக் கிணறு கலங்கியது, சேறானது, பிறகு காய்ந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. எல்லோரும் ஓட்டமாகத் திரும்பினார்கள். மூடிய கிணற்றைத் தோண்டினார்கள். சுற்றுக்கல் இல்லாத குழியில், அள்ள அள்ள மணல் சரிந்தது. முதலில் குதிரைகள் விழுந்தன. பிறகு ஆட்கள் விழுந்தார்கள். ஆதிரன் சோமிலனின் கையைப் பிடித்தபடியே செத்தான். நாக்கு தடித்துப்போனதால் அவன் எதுவும் கேட்கவில்லை. கண் மட்டும் கேட்டது.

பொழுது புலரும் வேளையில், மணல்மேட்டின் சரிவில் ஏதோ அசைந்ததைச் சோமிலன் கண்டான். ஒரு பெண் மான். சற்றுத் தள்ளி அதன் குட்டி, மணலோடு மணலாக ஒட்டிப் படுத்திருந்தது. தாய் முன்னங்காலால் புதரடியைத் தோண்டியது, ஒரு வெள்ளைக் கிழங்கைக் கடித்தது, நிமிர்ந்து நாலாபக்கமும் பார்த்தது, விலகிக் குட்டியருகே போய் நின்றது.

சோமிலன் தவழ்ந்துபோய் அதே இடத்தைத் தோண்டினான். கிழங்கில் சாறு சுரந்தது. அதை மயங்கிக் கிடந்த அரசனின் வாயில் பிழிந்தான். அரசனுக்கு உயிர் வந்தது. கண் திறந்தவன் எதிரே மானைக் கண்டான். கை வில்லைத் தேடி எடுத்து அம்பைப் பூட்டியது.

சோமிலன் அம்புக்கும் மானுக்கும் நடுவில் போய் நின்றான்.

"அரசே, நான் பொய் சொன்னேன். இந்த மான் தண்ணீர் தேடி வராது. அது எனக்கு அன்றே தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"உங்களுக்குப் பயந்து."

"இப்போது பயமில்லையா?"

"இருக்கிறது. ஆனால் இதைக் கொன்றுவிட்டால், நாளைக்கு நமக்குக் கிழங்கு இருக்கும் இடத்தைக் காட்ட யாருமில்லை."

அரசன் சுற்றிலும் விழுந்து கிடந்தவர்களைப் பார்த்தான். வில் தாழ்ந்தது.

மிஞ்சியவர்கள் மானின் தடத்தைத் தூரத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். அது தோண்டிய இடத்தருகே தோண்டினார்கள், அது படுத்தபோது படுத்தார்கள். அப்படித்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள். போனவர்களில் பாதிப்பேர் வரவில்லை.

அரசன் கிணறுகளை மறுபடி வெட்டிக் கல் கட்டினான். மணல்மானை இனி யாரும் தொடக்கூடாது என்று முரசறைந்தான். சோமிலனுக்குப் பரிசு கொடுத்தான். சோமிலன் வாங்கவில்லை. திரும்பி வராதவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனான். எனக்குத் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை என்று ஒவ்வொரு வாசலிலும் தலைகுனிந்து சொன்னான். அம்புக்கு முன் நின்றதைவிட அது அவனுக்குக் கடினமாக இருந்தது.

சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவன் துடைத்துக்கொள்ளாமல் அடுத்த வாசலுக்குப் போனான்.

ஆகையால் கேட்டவர்களே, உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் பயந்து வாயை மூடிக்கொள்பவன், தன்னை நம்பி வந்தவர்களையும் அழிவில் தள்ளிவிடுகிறான்.