முன்னாடியே சொல்ல வேண்டிய வண்டி

கட்டாம்புதூரில் நான்கு முட்டாள்கள் இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள், அதுதான் ஊருக்குச் சங்கடம். நாச்சிமுத்து, செங்கோடன், ஆறுச்சாமி, குழந்தைவேலு. இவர்களில் நாச்சிமுத்துவுக்கு மட்டும் முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. மற்ற மூவருக்கும் எப்படி ஆயிற்று என்று கேட்காதீர்கள். கட்டிக்கொண்ட பெண்களே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினோரு இடத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவது இடம் கூகைமலை உச்சியில் ஒரு காப்பித் தோட்டத்து வீடு. பெண் பெயர் மரகதம். தரகர் தன் பங்குக்கு அளந்துவிட்டிருந்தார். "மாப்பிள்ளை ரேஸ் கார் ஓட்டறவருங்க" என்று.

மரகதத்தின் அப்பா தீர்த்தகிரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வந்து பொண்ணைப் பாத்துரோணும். ஒரு நிமிசம் தப்புனாலும் கேட்டைப் பூட்டிப்போடுவேன்."

இதுவும் போனால் தனக்கு இந்த ஜென்மத்தில் பெண் இல்லை என்று நாச்சிமுத்துவுக்கே தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரிந்திருந்த ஒரே சரியான விஷயம் அதுதான்.

ஆகவே எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுக் காரைப் பிடித்து வந்தான். சிவப்பு நிறம், இருபது வயது, முந்நூறு குதிரைச் சக்தி. ஆட்டோமேட்டிக் வண்டி. 'டி' என்ற எழுத்தில் வைத்து மிதித்தால் தானாகவே கியர் மாற்றிக்கொண்டு போகும். ஒரு குழந்தைகூட ஓட்டலாம், ஆனால் ஓட்ட வந்தவர்கள் குழந்தைகள் இல்லையே.

"கியர் போடாத ஆம்பளைக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றான் செங்கோடன். அவன்தான் கூட்டத்தில் அறிவாளி, ஏனென்றால் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான்.

டி-க்குப் பக்கத்தில் லீவரைத் தள்ளினால் நாமே கியர் மாற்றலாம் என்று கண்டுபிடித்தார்கள். அங்கே மேலே ஒரு கூட்டல் குறி, கீழே ஒரு கழித்தல் குறி. நாச்சிமுத்து கூட்டல் பக்கம் தள்ளினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தள்ளலாமா என்று நினைக்கும்போது, தூக்கத்தில் எழுப்பிய ஆள் மாதிரி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இரண்டாவது கியருக்குப் போனது. பழைய வண்டிகளின் புத்தி அது.

"எதுக்குடா இத்தன நேரம்?" என்றான் நாச்சிமுத்து.

"கூட்டலுன்னு போட்டிருக்குதல்ல? கணக்குப் போடுது" என்றான் ஆறுச்சாமி. "ஒண்ணையும் ஒண்ணையும் கூட்ட எனக்கும் இத்தன நேரம் ஆகும்."

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. இருந்தாலும் மெக்கானிக் ஜமால் பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனார்கள். அவர் பாவம், எதிரே நிற்பது யாரென்று தெரியாமல் மனிதர்களிடம் பேசுவது போலப் பேசிவிட்டார்.

"பழைய ஆட்டோமேட்டிக் அப்படித்தான். நீங்க சொல்றதக் கேட்டு, யோசிச்சு, அப்புறந்தான் மாத்தும். அவசரப்படுத்தாதீங்க. வளைவுல போய்ச் சொல்லாம, முன்னாடியே சொல்லிருங்க."

வெளியே வந்ததும் செங்கோடன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். "கேட்டீங்களா? உள்ள உக்காந்து சொன்னா அதுக்கு எப்படிக் கேக்கும்? காதெல்லாம் முன்னாடியல்ல இருக்குது! முன்னாடி போய்ச் சொல்லோணும்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். நாச்சிமுத்து ஓட்டினான். குழந்தைவேலு வண்டிக்கு முன்னால் ஓடினான். அவ்வப்போது திரும்பி, பானெட்டைப் பார்த்துக் கும்பிட்டு, "ரெண்டாவது போடுங்க சாமி!" என்று கத்துவான். அதே நேரம் நாச்சிமுத்து லீவரைத் தள்ளுவான். கொஞ்சம் பொறுத்து வண்டி கியர் மாற்றும்.

"பாத்தியா, மரியாதையாச் சொன்னா கேக்குது" என்றான் செங்கோடன் பின்சீட்டிலிருந்து.

முந்நூறு குதிரைச் சக்தி குழந்தைவேலுவின் கால் வேகத்தில் மலை ஏறியது. பின்னால் வந்த பால் வண்டி, பள்ளிக்கூட பஸ், ஒரு கழுதை எல்லாம் முந்திக்கொண்டு போயின. கழுதை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

முதல் வளைவில் 'கொண்டை ஊசி வளைவு' என்று பலகை வைத்திருந்தார்கள். "நிறுத்து, நிறுத்து!" என்றான் ஆறுச்சாமி. "ஆரோ கொண்டை ஊசியத் தொலைச்சுப்போட்டாங்க. வளைஞ்சு போனதுன்னு அடையாளங்கூட எழுதி வெச்சிருக்காங்க. அந்தப் புள்ள மரகதத்தோடதா இருந்தா?"

நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தான். பெண்ணின் ஊசியைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால் எவ்வளவு மதிப்பு! நால்வரும் இறங்கிப் புல்லை விலக்கித் தேடினார்கள். மலையில் மொத்தம் ஒன்பது வளைவு, ஒன்பதிலும் பலகை. ஒன்பதிலும் தேடினார்கள். "நெம்ப ஊசி தொலைக்கற புள்ளயா இருக்குதே" என்று நாச்சிமுத்துவுக்கு லேசாக ஒரு கவலைகூட வந்தது.

ஒன்பதாவது வளைவு தாண்டியதும் மணி பத்தேகால். எதிரே நேர் ரோடு, லேசான இறக்கம், கடைசியில் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தீர்த்தகிரியின் வீடு தெரிந்தது. அந்த இடத்தில் பார்த்துக் குழந்தைவேலு குப்புற விழுந்தான்.

"முன்னாடி போய்ச் சொல்ல ஆளில்லையே!" என்று நாச்சிமுத்து அழுதேவிட்டான். ஆறுச்சாமிக்கு மூட்டு வலி. செங்கோடன் அறிவாளி, ஓடமாட்டான். கடைசியில் ஜமால் பாய்க்குப் போன் போட்டார்கள். நடந்ததையெல்லாம் கேட்டு அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது.

"ஒண்ணும் செய்யாதீங்கப்பா! டி-ல போட்டு விட்டுருங்க. அதுவே பாத்துக்கும்!"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுவே பாத்துக்குமா?" என்றான் நாச்சிமுத்து. "பொண்ணையா?"

"வேறெதை? நாம பாக்கறதுக்குத்தான வந்தோம்" என்றான் செங்கோடன். "பத்தரைக்குள்ள பொண்ணைப் பாக்கோணும், அவ்வளவுதானே. ஆரு பாத்தா என்ன?"

நாச்சிமுத்துவுக்கு மனசே இல்லை. பவுடர் எல்லாம் போட்டிருந்தான். ஆனாலும் பன்னிரண்டாவது இடமும் கைநழுவிப் போவதைவிட இது தேவலை. பழத்தட்டையும் மல்லிகைப்பூவையும் டிரைவர் சீட்டில் வைத்து, லீவரை டி-க்குத் தள்ளிவிட்டு இறங்கினான். "நல்லாப் பாத்துட்டு வா" என்று வண்டியின் முதுகைத் தட்டினான்.

வண்டி நகர்ந்தது. யாரும் எதுவும் சொல்லாததால் நிம்மதியாக, நேராக, அழகாகப் போனது. பத்து இருபத்தெட்டுக்குத் திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்து, காப்பிக்கொட்டை மூட்டைகளில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. தீர்த்தகிரி ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பழத்தட்டு இருந்தது, மாப்பிள்ளை இல்லை. மரகதம் காப்பித் தட்டோடு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சாவியைத் திருகி அணைத்தாள்.

பத்து முப்பத்தொன்றுக்கு நால்வரும் வந்து சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது.

"ஆரு நீங்க?" என்றாள் மரகதம் உள்ளேயிருந்து.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க" என்றான் செங்கோடன்.

அவள் நால்வரையும் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். "வந்ததுல இது தேவலை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

நாச்சிமுத்துவுக்குப் புல்லரித்தது. பெண்ணுக்குச் சம்மதம்! இனி நம் பக்கம்தான் பாக்கி. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "பொண்ணைப் பாத்தியா? புடிச்சிருக்குதா?"

வண்டி பதில் சொல்லவில்லை.

"அவசரப்படுத்தாதே" என்றான் செங்கோடன். "கேட்டு, யோசிச்சு, அப்புறந்தான் சொல்லும்."

நால்வரும் கேட் ஓரமாக உட்கார்ந்தார்கள். ராகு காலம் முடிந்தது. வீட்டில் சாப்பாடு முடிந்து, இலை வெளியே வந்து விழுந்தது. மூன்று மணிக்கு எமகண்டமும் பிறந்தது. அப்போதுதான் குழந்தைவேலு எழுந்து நெற்றியில் அறைந்துகொண்டான்.

"அட கிறுக்கனுகளா! பின்னாடி நின்னு கேட்டா எப்படிச் சொல்லும்? முன்னாடி போயல்ல கேக்கோணும்!"

உண்மைதானே என்று நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டில் ஏறி உள்ளே குதித்தான். காப்பி மூட்டைகளின் பக்கத்திலிருந்து தீர்த்தகிரியின் நாய் எழுந்து நின்றது. அதற்குக் கேட்டு, யோசித்து, அப்புறம் செய்கிற பழக்கமெல்லாம் கிடையாது.