காசியில் விட்ட காப்பி

“சாமி, கோபத்தை அடக்க ஏதாவது மந்திரம் சொல்லுங்க.”

வெயிலில் வந்த மூச்சுகூட அடங்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார் ஆவுடையப்பன்.

தாமிரபரணிக் கரையில் சின்ன மடம் அது. மடத்துச் சாமிக்கு ஆவுடையப்பனைவிட வயசு கம்மி. சீடரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார்.

“உட்காருங்க அண்ணாச்சி. யாரு மேல கோபம்?”

“எல்லார் மேலயுந்தான். காசிக்குப் போனா பிடிச்சதுல ஒண்ணை விடணும்லா? நான் காப்பியை விட்டேன். வந்ததுலேருந்து காலையில எந்திரிச்சா தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்கு. வீட்டுக்காரி கோமு என்ன சொன்னாலும் எரிஞ்சு விழுதேன்.”

“மதினி என்ன சொல்லுதாங்க?”

“அதான் சாமி பயமா இருக்கு. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கா. முன்னெல்லாம் விடியக்காலம் காப்பியும் கையுமா உட்கார்ந்து ஊர்க்கதை பூரா பேசுவா. இப்ப வாயே திறக்கதில்ல. சாயங்காலம் அம்பாசமுத்திரத்துக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறாளாம். எப்ப வருவேன்னு கேட்டா பதில் இல்ல. பெட்டியைக் கட்டி நடையில வச்சிட்டா.”

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரப்பிள்ளை கண்ட மனுசர், பாவம்.

சாமி சொன்னார், “எனக்கு ஒரு காப்பி குடிக்கணும் போல இருக்கு.”

இதென்ன வம்பு என்று முழித்தார் ஆவுடையப்பன். “முக்குக் கடையில வாங்கியாரவா?”

“கடைக் காப்பி வேண்டாம். மதினி போடுத காப்பி.”

“நம்ம வீட்டுல காப்பியே கிடையாது சாமி. வந்த அன்னைக்கே பொடியைக் கொட்டிட்டேன். பில்டரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். வாசனை வந்தா மனசு அலையும்லா?”

“மதினியும் காசிக்கு வந்தாங்களோ?”

“இல்லியே. அவளுக்கு முட்டு வலி. நான் மட்டுந்தான் போனேன்.”

சாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

‘மதினியும் காசிக்கு வந்தாங்களோ?’ சாமி கேட்டதையே ஆவுடையப்பன் முணுமுணுத்துப் பார்த்தார்.

பிறகு, “அட மடையா!” என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டு எழுந்தார்.

போகிற வழியில் காப்பிப் பொடி வாங்கினார். வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறினார். பில்டரைத் தேடி எடுத்துத் தேய்த்துக் கழுவினார்.

கோமு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுசர் அதுவரை அடுப்புப் பக்கம் போனவரா? பால் பொங்கி வழிந்தது. விரலைச் சுட்டுக்கொண்டார். கடைசியில் எப்படியோ ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“ஏளா, குடி.”

“உங்களுக்கு?”

“காசிக்கு நாந்தானே போனேன்.”

கோமு டம்ளரை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“அய்ய! கழனித்தண்ணி மாதிரி இருக்கு.”

ஆனாலும் சொட்டு விடாமல் குடித்தாள்.

“நாளைக்கு விடியக்காலம் நானே போட்டுக்கிடுதேன். நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க, போதும். எதிர்வீட்டுக் கதை எம்புட்டு கிடக்கு தெரியுமா?”