தவசிமுத்து கொண்டுவந்த பானகம்

"அம்மா, மண்ணு அடங்கிடுச்சு!"

செம்பு நிறையப் பானகத்தோடு வந்து நின்றார் தவசிமுத்து. முகமெல்லாம் பல்.

சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்தில் அவர்தான் வயதில் மூத்த சீடர். ஓய்வுபெற்ற ஓவர்சியர். குரு ஞானவல்லி அம்மாவோ அவரைவிட இருபது வயது இளையவர்.

இலுப்பைத் தோப்பை வெட்டிவிட்டுத் தியான மண்டபம் கட்ட வேண்டும் என்று தவசிமுத்துவுக்குத் தீராத ஆசை. ஓவர்சியர் புத்தி எங்கே போகும்!

அம்மா சம்மதிக்கவில்லை. "நிழல் போனா மண்ணு சுடும். சுட்டா அதுக்குள்ள இருக்கிற நுண்ணுயிருங்க விடுற மூச்சு, அதான் கரியமில வாயு, கூடும். அந்த மூச்சு மேலே போய் வெயிலை இன்னும் ஏத்தும். வேணும்னா ஒரு மூலையில சோதிச்சுப் பார்த்துட்டு வாங்க, ஐயா" என்றார். இது நடந்து மூன்று வருஷம்.

அவரும் விடாக்கண்டர். தோப்பின் ஒரு மூலையில் கிளைகளைக் கழித்து வெயில் விழவிட்டார். ஒரு சருகு தங்காமல் தினமும் பெருக்கினார், தண்ணீர் தெளித்தார். கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்துப் பானையைக் கவிழ்த்தார். மண்ணின் மூச்சு பட்டால் அந்த நீர் வெளுக்கும்.

"முதல் வருஷம் ஒரு மணி நேரத்துல பாலா வெளுத்துச்சும்மா. போன வருஷம் அரைகுறை. இப்போ காலையில வெச்சா சாயங்காலத்துக்கும் லேசா மங்குது, அவ்வளவுதான். நாம மூச்சடக்கித் தவம் பண்றோமே, அதே மாதிரி மண்ணும் வெயிலுக்குப் பழகிடுச்சு!"

"அப்போ மண்டபம்?"

"மரம் வெட்ட நாளைக்கே ஆள் வருது."

அம்மா செம்பை வாங்கினார். ஒரு வாய் குடிப்பார் என்று தவசிமுத்து ஆவலாகப் பார்த்தார்.

அம்மாவோ விறுவிறுவென்று நடந்துபோய், பானகம் மொத்தத்தையும் அந்த மூலை மண்ணில் ஊற்றினார்.

"ஐயையோ! நல்ல வெல்லம்மா அது!"

"பானையைக் கவிழ்த்துட்டு வாங்க, சாப்பிடலாம்."

சாயங்காலம் பானையைத் தூக்கினார் தவசிமுத்து. கிண்ணம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

அப்படியே குந்திவிட்டார். பெருக்கிப் பெருக்கித் துடைத்த தரையைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அடப்பாவி மனுஷா! மண்ணு அடங்கல, பட்டினி கிடந்திருக்கு!" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார்.

"நாளைக்கு ஆள் வந்தா என்ன சொல்லட்டும், ஐயா?" அம்மா சிரித்தபடி கேட்டார்.

தவசிமுத்து இலுப்பையடியில் துண்டை விரித்து, சருகை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தார்.

"இருங்கம்மா. முதல்ல இதுக்குச் சோறு போட்டுட்டு வரேன்."