மடத்துக்கு ஒரு திரை

ஆற்றங்கரை மடத்துக் கம்ப்யூட்டர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உயிரை விட்டது. திரை, மூளை, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே உடம்பில் அடங்கிய இனம் அது. ஆயுதபூசை தோறும் மூத்த சீடர் சிவக்கொழுந்து அதற்குத் திருநீற்றுப் பட்டை பூசிவிட்டு, மறுநாள் துடைக்கப் படாத பாடு படுவார்.

கடைக்காரர் ஜமால் வந்து திறந்து பார்த்தார்.

"மூளை போயிருச்சு, ஐயா. திரை புதுசு மாதிரி இருக்கு. ஆனா அதைத் தனியாக் கழட்டி ஓட்ட முடியாது. இனிமே பெட்டி தனி, திரை தனி, நடுவுல ஒரு வயர்."

சிவக்கொழுந்து குருவிடம் போனார். "சாமி, மூன்று பொருள் வேண்டும் என்கிறார். பதி, பசு, பாசம் மாதிரியே இருக்கிறது."

"எது பதி?"

சிவக்கொழுந்து யோசித்தார். "இரண்டையும் கட்டுகிற வயர்தான் பாசம். அதுவரைக்கும் தெளிவு."

சிவக்கொழுந்துக்கு அறுபத்திரண்டு வயது. குரு அவருக்கு இளையவர். முந்தைய குரு பாடிய பாடல்கள் வரும் குருபூசைக்குள் புத்தகமாக வேண்டும். தலைவர் தம் கண்ணால் படித்துத் திருத்தாத பக்கம் எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது என்பது அந்த மடத்து முறை. குருவின் கண்ணோ மாதத்துக்கு மாதம் மங்கிக்கொண்டு வந்தது. போன பார்வை திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கண்ணுக்கு ஏற்ற திரை உலகத்தில் எங்கோ இருக்கிறது என்று சிவக்கொழுந்து நம்பினார்.

பெட்டியை அன்றைக்கே வாங்கி, பழையதில் இருந்த பாட்டுகளையும் அதில் ஏற்றியாயிற்று. சோற்று டப்பா அளவுதான். திரைக்குத்தான் தவம் தொடங்கியது. எந்நேரமும் செல்போனும் கையுமாக இருந்தார்.

"சாமி, இருபத்தேழு அங்குலத் திரையில் எழுத்து பெரிதாகத் தெரியுமாம்."

"வாங்கும்."

"முப்பத்திரண்டு இன்னும் பெரிது."

"அதை வாங்கும்."

"ஆனால் அதில் புள்ளிகளுக்கு நெருக்கம் போதாது என்கிறார்கள்."

குரு பூசைக்கு எழுந்துவிட்டார்.

மறுநாள் சிவக்கொழுந்து வந்தார். "நூறு கோடி நிறம் காட்டும் ஒன்று இருக்கிறது, சாமி."

"நம் புத்தகத்தில் எத்தனை நிறம்?"

"கறுப்பு."

பிறகும் வந்தார். "வளைந்த திரை என்று ஒன்று. முன்னால் உட்கார்ந்தவரை அப்படியே அணைத்துக்கொள்ளுமாம்."

"துறவிக்கு ஆகாது," என்றார் குரு.

குருபூசை நெருங்கிவிட்டது. அச்சகத்திலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனான். கடைசியில் ஜமாலே இரண்டு திரைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"ரெண்டையும் வச்சுப் பாருங்க. சாயங்காலம் வந்து வேண்டாததை எடுத்துட்டுப் போறேன். எப்படியாவது முடிவு பண்ணிருங்க, ஐயா. கனவுலயும் நீங்கதான் வந்து சந்தேகம் கேக்குறீங்க."

இரண்டு திரைகளும் மேசைமேல் அக்கம்பக்கமாக நின்றன. இரண்டிலும் ஒரே பாட்டு. குரு வந்து உட்கார்ந்தார்.

"தெரிகிறதா, சாமி?"

"தெரிகிறது."

"எழுத்தா?"

"வெளிச்சம்."

சிவக்கொழுந்து எழுத்தைப் பெரிதாக்கினார். திரையில் நான்கு வரி நின்றது. பிறகு ஒரு வரி. பிறகு ஒரு சொல். கடைசியில் ஒரே ஓர் எழுத்து, கோயில் யானை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதுபோல நின்றது.

குரு முகத்தை அருகே கொண்டுபோனார். "இது 'சி'."

"ஆமாம், சாமி."

"அடுத்தது 'வ'."

"அது இன்னும் திரைக்கே வரவில்லையே!"

"இந்த மடத்தில் 'சி'க்கு அடுத்து வேறு எது வரும்?" குரு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இப்படியே போனால் முதல் பாட்டு முடிய அடுத்த குருபூசை வந்துவிடும். எழுத்தைச் சின்னதாக்கி நீர் படியும்."

சிவக்கொழுந்து உரக்கப் படித்தார். இரண்டாம் பாட்டில் குரு விரலை உயர்த்தினார்.

"ஒரு சீர் குறைகிறது."

பார்த்தால், குறைந்துதான் இருந்தது. தட்டச்சு செய்தவர் சிவக்கொழுந்தேதான். திருத்திவிட்டு மேலே படித்தார். மறுபடி விரல் உயர்ந்தது. மறுபடி திருத்தினார். உச்சிப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தபின் ஓரிடத்தில் அவரே நின்றுவிட்டார். குருவின் விரல் அசையவில்லை.

"இங்கே ஓசை இடறுகிறது, சாமி."

"இன்னொரு தடவை படியும்."

படித்தார்.

"ஆமாம். எனக்குத் தப்பிவிட்டது," என்றார் குரு. "திருத்தும்."

பொழுது சாயும்போது கடைசிப் பாட்டும் முடிந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜமால் உள்ளே வந்து இரண்டு திரைகளையும் பார்த்தார், பிறகு சிவக்கொழுந்தைப் பார்த்தார்.

"எதை எடுத்துட்டுப் போகட்டும், ஐயா?"

சிவக்கொழுந்து குருவின் பக்கம் திரும்பினார். "சாமி, இதில் எழுத்து கூர்மை. அதில் வெளிச்சம் அதிகம். தலைவர் தம் கண்ணால் படிக்க வேண்டும் என்பது முறை. இரண்டில் எதை வைத்துக்கொள்ளட்டும்?"

"முறையை மாற்ற வேண்டாம்," என்றார் குரு. "உம்முடைய கண்ணுக்கு எது ஒத்துவருகிறதோ, அதை வைத்துக்கொள்ளும்."