மலையைச் சுற்றி வரும் விமானங்கள்

கடல் ஒரு பக்கம், மலை ஒரு பக்கம், நடுவில் கையகலத்துக்கு ஒரு நாடு இருந்ததாம். பேர் தாழைநாடு. அதற்கும் ஒரு ராஜா, அதற்கும் ஒரு விமானப்படை.

விமானம் மொத்தம் நாலு. கடலுக்கு அப்பால் இருந்த வல்லரசு ஓட்டித் தேய்த்துவிட்டுப் பழசாய் விற்றவை. ஒரு திருகாணி கழன்றாலும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

ஊர்ச்சனத்தைக் கேட்டால் பன்னிரண்டு என்பார்கள். கண்ணால் பார்த்த கணக்கு. வருஷா வருஷம் கொடியேற்ற நாளில் நாலு விமானம் ஊருக்கு மேலே பறந்து மலைக்குப் பின்னால் மறையும். கொஞ்சம் பொறுத்து நாலு வரும். அப்புறம் இன்னும் நாலு. குழந்தைகள் விரல் விட்டு எண்ணுவார்கள். தங்கள் விரல் போதாமல் பக்கத்தில் நிற்பவர் விரலையும் பிடித்துக்கொள்வார்கள். மலையைச் சுற்றிச் சுற்றி வருவது அதே நாலுதான் என்பது படைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ, நடந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் வல்லரசு தாழைநாட்டின் தீவு ஒன்றைக் கேட்டது. கேட்ட கையோடு கப்பல்களும் வந்து நின்றன. விடிந்ததும் விமானங்களை அனுப்பு என்று ராஜா உத்தரவு போட்டுவிட்டார்.

தளபதி அருமைநாதன் அன்று வெயில் தாழ மலையடிவாரத்துக்குப் போனார். அங்கே ஒரு குடிசையில் ஆழிச்சாமி இருந்தார். இரண்டு பேரும் ஒரே வருஷம் பறக்கப் படித்தவர்கள். சாமி பாதியில் விமானத்தை விட்டு இறங்கி, காரணம் சொல்லாமல் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டார். பல வருஷம் கழித்து அருமைநாதன் அவரிடமே சீடராய் வந்து சேர்ந்தார்.

சாமி சுரைக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்.

"கும்பிடுறேன் சாமி."

"உடுப்போட வந்திருக்கியே. நீ கும்பிடணுமா, நான் சல்யூட் அடிக்கணுமா?"

அருமைநாதன் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும்."

"இந்தக் கயித்தைப் பிடிச்சிக்கிட்டே கேளு."

"அவங்க படைக்கு முன்னால நம்ம படை எந்த அளவு?"

"தளபதி நீ. நீயே சொல்லு."

"அவங்க ஒரு கப்பல் முதுகுல நிக்கிற விமானம், நம்ம ஊர்க் காக்காயைவிட ஜாஸ்தி. நாம மேல ஏறுறதுக்குள்ள அவங்க நம்மளப் பார்த்துடுவாங்க. நாம அவங்களப் பார்க்கவே மாட்டோம்."

"எல்லாம் தெரிஞ்சிருக்கே. அப்புறம் என்ன கேள்வி?"

"தைரியம்னு ஒண்ணு இருக்கே சாமி. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா..."

சாமி முடிச்சை இறுக்கினார். "செண்பகா எப்படி?"

செண்பகா நாலு விமானிகளில் சின்னவள்.

"அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

"வா, அவ அம்மாவைப் பார்த்துட்டு வருவோம்."

செண்பகாவின் அம்மா மரகதம் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உடுப்பைப் பார்த்ததும் ஈரக்கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"எம்பொண்ணுக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் வந்தோம்."

"தளபதி சும்மா வந்து போற வீடா இது?" என்றாள். ஆனாலும் உள்ளே போய் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்தாள்.

சாமி கேட்டார். "நம்மகிட்ட எத்தனை விமானம் இருக்கு தாயி?"

மரகதம் தளபதியின் முகத்தைப் பார்த்தாள். "ஊருல பன்னெண்டுங்கிறாங்க."

"நீ எத்தனை எண்ணினே?"

"எனக்கு அத்தனையும் எண்ண வராது சாமி. எம்பொண்ணு இந்த வீட்டுக்கு மேல வரும்போது றெக்கையை ஒரு பக்கமாச் சாய்ப்பா. எனக்குன்னு. வேற யாரும் சாய்க்கிறதில்ல." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கொடியேத்தத்து அன்னிக்கு மூணு தடவை சாய்ச்சா."

தளபதி கையிலிருந்த மோர் அப்படியே இருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"எதுக்குச் சொல்லணும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எண்ணி எண்ணிக் குதிக்குதுங்க. பன்னெண்டு இருக்குன்னு நிம்மதியாத் தூங்கட்டுமே."

கிளம்பும்போது அவள் தெரு வரைக்கும் கூட வந்தாள்.

"ஐயா, நாளைக்குப் போறாங்களாமே."

"ஆமாம்மா."

"நாளைக்கும் மூணு தடவை வருவாளா?"

தளபதி தெரு முனை வரைக்கும் வேகமாய் நடந்தார். அங்கே நின்று, "நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல சாமி" என்றார்.

"ராஜாவுக்கு எத்தனைன்னு தெரியும்?"

"பன்னெண்டு. சின்ன வயசுல அப்பா மடியில உட்கார்ந்து எண்ணினவர். பெரிய ராஜா உண்மையைச் சொல்லாமலே திடீர்னு போயிட்டார். நான் சொல்ல நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அரண்மனை இந்தப் பக்கம்தானே?" என்று சாமி கை காட்டினார்.

தளபதி அந்தப் பக்கம் நடந்தார்.

ராஜா சின்ன வயசுக்காரர். கேட்டதும் முதலில் சிரித்தார். "நானே எண்ணியிருக்கேன்."

"அது மூணு சுத்து, அரசே. இருக்கிறது நாலுதான்."

ராஜா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "ஊருக்குத் தெரியுமா?"

"ஒரு தாய்க்குத் தெரியும்."

"மத்தவங்களுக்கு?"

"தெரியாது. தீவைக் கொடுத்துடலாம் அரசே. நாலு பிள்ளைங்க மிஞ்சுவாங்க."

"பன்னெண்டை வச்சிக்கிட்டு ஒண்ணைக்கூட அனுப்பாமக் கொடுத்தான்னு என்னைச் சொல்வாங்க. நாலுதான்னு ஒத்துக்கிட்டா எங்கப்பாவைப் பொய்யர்னு சொல்வாங்க."

"சொல்லட்டுமே, அரசே."

ராஜா திரும்பவில்லை. "நாலும் போகட்டும்" என்றார்.

தளபதி விமானத் தளத்துக்கு வந்து, செண்பகாவின் விமானத்தைத் தானே ஓட்டிப் போவதாகச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயா, கண்ணாடி இல்லாம உங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டே தெரியாது. அதுவுமில்லாம உங்க தொப்பைக்கு அந்த சீட்டு பத்தாது."

கூட இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

விடிந்தது. ஊரே மொட்டை மாடிகளில் நின்றது. நாலு விமானம் எழும்பின. மரகதம் வீட்டுக்கு மேலே ஒன்று றெக்கையைச் சாய்த்தது. நாலும் கடலைப் பார்த்துப் போயின.

குழந்தைகள் நாலு விரலை மடக்கிவிட்டு மலைப் பக்கம் திரும்பினார்கள். பெரியவர்களும் திரும்பினார்கள். இன்னும் எட்டு வர வேண்டுமே. ஊர் மொத்தமும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றது.

மரகதம் மட்டும் கடலைப் பார்த்து நின்றாள்.

வானொலிக் கருவியில் நாலு குரல்களும் ஒவ்வொன்றாய் நின்றுபோன பிறகு, தளபதி அந்தத் தெருவுக்கு வந்தார். மரகதம் வீட்டு மாடிப்படியில் கால் வைத்தார். ஏற முடியவில்லை. கீழே ஆழிச்சாமி நின்றுகொண்டிருந்தார். தளபதி அவர் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

மத்தியானம் ஆனது. "மழை மேகம் போல, அதான் எட்டும் வரல" என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொரு மாடியாய்க் காலியானது. குழந்தைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். மடக்கிய நாலு விரலைப் பிரிக்காமலே ஒரு சிறுமி போனாள்.

"சாமி" என்றார் தளபதி. "நேத்துக் கேட்டேனே. அவங்க படைக்கு முன்னால நம்ம படை எந்த அளவு?"

சாமி மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த நாட்டுல இந்நேரம் இதைப் பார்க்கன்னு யாரும் மொட்டை மாடியில நிக்க மாட்டாங்க, அருமை."

தளபதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சாமி மலையடிவாரத்துக்கு நடந்தார். தளபதியும் எந்தப் பக்கம் என்றில்லாமல் நடந்து போனார்.

பொழுது சாய்ந்தது. மரகதம் கடலிலிருந்து கண்ணை எடுத்து, மலைப் பக்கம் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் படியிறங்கிப் போனாள்.