மானாட்டம் அக்கா, கொடியாட்டம் தங்கச்சி

ஒரு காட்டோரத்துல ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல அக்கா தங்கச்சின்னு ரெண்டு பேரு. அக்கா நீலி, மானாட்டம் ஓடுவா. தங்கச்சி ஆவடைக்குக் காலு வராது. செவுத்தப் புடிச்சு, மரத்தப் புடிச்சு, அக்கா தோளப் புடிச்சு, கொடியாட்டம்தான் நகருவா. ஊருத் தலைவன் சடையன் ரெண்டு பேரையும் பாத்துட்டு, "மானுன்னா அழகு. இந்தக் கொடி எதுக்கு ஆகும்? ஒட்டிக்கிட்டுக் கெடக்கத்தான்"னு சிரிப்பானாம்.

அந்த வருசம் மழையே இல்ல. "காட்டுச் சுனையும் வத்திப்போச்சு, அங்க பேய் எறங்கியிருக்கு, யாரும் போகாதீங்க"ன்னு சடையன் சொல்லிட்டான். நீலி குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுனா. கெழக்க ஓடுனா, தண்ணி இல்ல. மேக்க ஓடுனா, தண்ணி இல்ல. அப்புறம் தெக்க ஓடுனா, அங்கயும் இல்ல. நாக்கு வறண்டு வீட்டு வாசல்ல வந்து விழுந்தவதான், கண்ணத் தொறக்கல.

ஆவடை என்ன செய்வா, பாவம்? பேயாவது ஒண்ணாவதுன்னு தவழ்ந்து தவழ்ந்து காட்டுக்குள்ள போனா. காடே புகையாட்டம் வெளுத்துக் கெடக்கு. அங்க ஒரு மான் நின்னுச்சு. "மானே மானே, தண்ணி எங்க?"ன்னா. அது அவளப் பாத்துச்சு, ஒரே தாவு, வெயிலுக்குள்ள கரைஞ்சே போயிருச்சு. பக்கத்துல பட்ட மரத்துல ஒரு கொடி மட்டும் பச்சப்பசேல்னு இருக்கு. "கொடியே கொடியே, உனக்கு மட்டும் தண்ணி ஏது?"ன்னா. "எனக்கு ஓடத் தெரியாதும்மா. என்னப் புடிச்சுக்கிட்டே வா, காட்டுறேன்"னுச்சாம் கொடி, தூக்கத்துல பேசுற மாதிரி.

அவளும் புடிச்சுக்கிட்டே போனா, போனா, போனா. கொடி ஒரு பாறைக்கு அடியில நுழைஞ்சிருக்கு. உள்ள களக் களக்னு சத்தம்! சந்துல கைய விட்டு ஒரு ஆளு மொண்டு மொண்டு குடிக்கிறான். யாரு தெரியுமா? சடையன்தான்! சுனையப் பாறையால மூடிட்டு அவன் ஒருத்தனே குடிச்சிருக்கான்.

அவளப் பாத்ததும் ஓடப் பாத்தான். கொடி காலச் சுத்திக்கிச்சு. "விடு, விடு, விடு!"ன்னு அவன் கத்துன கத்துல ஊரே வந்து பாறையப் பொரட்டிருச்சு.

ஆவடையத் தூக்கிட்டு வந்தாங்க. அவ நனைச்ச முந்தானைய அக்கா வாயில பிழிஞ்சா. நீலி மெதுவா முழிச்சு, "நான் அம்புட்டு ஓடியும் கெடைக்கலயேடி, உனக்கு எப்படி?"ன்னா.

"நான் எங்க ஓடுறதுக்கா? கொடி ஒண்ணு கை குடுத்துச்சு, விடாம போனேன்."

அன்னிலேர்ந்து வீடு வீடா தண்ணி சொமக்குறது சடையன் வேலை. எல்லாரும் குடிச்ச பெறகுதான் அவனுக்கு ஒரு வாய். ஊரு குடிச்சுச்சு, மான் குடிச்சுச்சு, கொடியும் குடிச்சுச்சு. கதை நனைஞ்சிருச்சு, கண்ண மூடு சாமி.